ஏணி கொடுத்த நாட்கள்

நின்றுகொண்டிருந்தாள், அதில் சந்தேகமே இல்லை, கண் கெட்டுப்போகிற வயசு இன்னும் வரவில்லை, முப்பது வருஷம் கம்பத்து உச்சியில் மயிரிழைக் கம்பியைப் பார்த்துப் பழகின கண், இரண்டாவது மாடி ஜன்னலில் நிற்கிற சொந்தப் பெண்டாட்டியை அடையாளம் தெரியாமல் போகுமா... கண்ணாடியின் மேல் விளிம்பைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள், எட்டவில்லை என்று குதிகாலைத் தூக்கி, வலது காலில், ஆமாம், அந்த வலது காலில்தான், தொடையெலும்பு முறிந்து உள்ளே கம்பி வைத்துத் தைத்த அதே காலில் முழுப் பாரத்தையும் போட்டு... வாக்கர் எங்கே? பக்கத்தில் ஆள் யாராவது பிடித்துக்கொண்டிருக்கிறார்களா? யாரும் இல்லை. துடைத்தாள், தள்ளி நின்று பார்த்தாள், திருப்தியில்லாமல் திரும்ப வந்து துடைத்தாள், அது அவள் வழக்கம்தான், அழுக்கு என்றால் ஆகாது. மருந்துக்கடைக்காரன் சாப்பாட்டுக்குப் பூட்டிக்கொண்டு போய்விட்டான், இல்லாவிட்டால் அவர் இந்நேரம் திரும்பியிருக்கவே மாட்டார், வழக்கமான நேரத்துக்கு வந்து, வழக்கம்போல் படியேறி, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவளிடம் வலி எப்படியிருக்கு என்று கேட்டிருப்பார், அவளும் இருக்கு என்றிருப்பாள். முதலில் வந்தது சந்தோஷம்தான், பொய் சொல்லக்கூடாது, நடக்கிறாடா, என் பெண்டாட்டி நடக்கிறா என்று தெருவில் போகிற யாரையாவது நிறுத்திச் சொல்ல வேண்டும்போல இருந்தது, அப்புறம் ஏன் கால் எதிர்ப்பக்கம் திரும்பியது, ஏன் திருடன் மாதிரி பஸ் நிறுத்தத்து விளம்பரப் பலகைக்குப் பின்னால் ஒதுங்கி உட்கார்ந்தார்? நடக்கிறவள் அவள், ஒளிகிறவர் இவர், நல்ல கூத்து.

அவருக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஒரு தெருவிளக்கு பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் கை பரபரத்தது. ஒன்றுமில்லை, அதன் தலையில் வெளிச்சம் பார்க்கிற கண் ஒன்று உண்டு, காக்காய் எச்சமிட்டு மூடியிருக்கும், அதற்கு இன்னும் விடியவில்லை என்று நினைப்பு, ஈரத்துணியால் ஒரு துடை துடைத்தால் தானே அணைந்துவிடும், அதற்கு மேலே ஏற வேண்டும், ஏறக் கூடாது, லீவில் இருக்கிறவன் மாநகராட்சிக் கம்பத்தில் கை வைத்தால் அது குற்றம், விழுந்து செத்தால் ஒரு காசு கிடைக்காது, அது விதி. எல்லாவற்றுக்கும் விதி இருந்தது. எட்டு மணி நேரத்துக்கு மேல் போனால் ஒன்றரை மடங்கு, ஞாயிற்றுக்கிழமை என்றால் இரண்டு மடங்கு, ஏழு நிமிஷம் தாமதம் வரை மன்னிப்பு, எட்டாவது நிமிஷத்தில் கால் மணி நேரம் வெட்டு, மேஸ்திரி கூடுதல் வேலைக்கு நில் என்றால் முடியாது என்று சொல்லக்கூடாது... அவருக்கு எல்லாம் தலைகீழ்ப் பாடம், புதிதாகச் சேருகிறவர்கள் அவரிடம்தான் கேட்பார்கள். ஆனால் தனக்குச் சொந்தமில்லாத லீவில் ஒருத்தன் எப்படி உட்கார வேண்டும், எப்படிச் சிரிக்க வேண்டும், எத்தனை மணிக்கு வெட்கப்பட வேண்டும் என்று எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை.

சொந்தமில்லாத லீவுதான். அவருடையது எப்போதோ தீர்ந்துவிட்டது. அதை நினைத்தால் சிரிப்பாகக்கூட வந்தது, லீவுக் கஞ்சன் என்று பேரெடுத்தவர், ஆத்துல போட்டாலும் அளந்து போடு என்பார்கள், அவர் அளந்துகூடப் போடாதவர், காய்ச்சலோடு கம்பத்தில் ஏறினவர், வேலையை விட்டுப் போகிற அன்று மொத்தமாகக் காசாக்கிக்கொள்ளலாம் என்று வருஷம் வருஷமாக எறும்பு மாதிரி சேர்த்தவர், மகள் பிறந்தபோது ஒரு நாள், கட்டிக்கொடுத்தபோது இரண்டு நாள், அதற்கே மனசு வலித்தது. அவ்வளவும் ஆஸ்பத்திரி வராந்தாவில் கரைந்தது, முதல் ஆபரேஷன், அது சரியாக உட்காரவில்லை என்று இரண்டாவது ஆபரேஷன், புண்ணில் சீழ், தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்ன என்று அவரும் எண்ணுவதை விட்டுவிட்டார். நாளையிலேர்ந்து நீங்க வரலேன்னா சம்பளம் கிடையாதுங்க என்று சம்பளப் பிரிவு அம்மாள் கூப்பிட்டுச் சொன்ன அன்றைக்கு மறுநாளே, அதே அம்மாள் திரும்பக் கூப்பிட்டாள், உங்களுக்கு லீவு விழுந்திருக்கு, ஆளுக்குக் கொஞ்சமா போட்டிருக்காங்க, என்று. அப்படி ஒரு ஏற்பாடு இருந்தது, வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு லீவு தீர்ந்துபோனவனுக்கு, கூட வேலை செய்கிறவர்கள் தங்கள் லீவிலிருந்து கொடுக்கலாம், ரத்த தானம், கண் தானம், அந்த வரிசையில் லீவு தானம். சாக்கடைப் பிரிவு, பூங்காப் பிரிவு, தெருக்கூட்டும் பெண்கள், யாரென்று பெயர் சொல்லக் கூடாது, பெயர் சொல்லாவிட்டாலும் கொடுத்தவன் முகத்தில் எழுதி ஒட்டியிருக்கிறதே. கடைசியாகக் கொடுத்தது மட்டும் யார் என்று அவருக்கு நன்றாகத் தெரியும், கொடுத்தவனே வந்து சொன்னான், அண்ணே, நம்மளது கடைசில வச்சிருக்காங்களாம், ஒண்ணும் கெட்டுப்போகாது, மெதுவா எடுத்துக்கங்க.

ஏணி. பதினோரு வருஷமாக அவர் ஏற, கீழே நின்று ஏணியைப் பிடித்தவன், இப்போது ஏணி கிடையாது, வாளி வைத்த தூக்கு வண்டி வந்துவிட்டது, பெயர் மட்டும் அவன் மேலேயே நின்றுவிட்டது. அவனுக்கு லீவு கையில் தங்காது, வெள்ளிக்கிழமை கிடைத்தால் சனிக்கிழமை தீர்த்துவிடுவான், ஏன்டா என்றால், செத்தா கூட வருமா அண்ணே என்பான். கல்யாணம் ஆனபிறகுதான் கொஞ்சம் புத்தி வந்தது, உங்களைப் பாத்துதான் அண்ணே சேக்குறேன், அவளைக் கூட்டிட்டு கடல் பாக்கப் போகணும், பத்து நாள், ஒரு வேலையும் பாக்காம கரையில படுத்துக் கிடக்கணும் என்று வண்டியில் போகும்போதெல்லாம் இதே பேச்சு. அந்தப் பத்து நாளைத்தான் கொடுத்தான். இப்போது அவருக்கென்று மிச்சமிருப்பது அந்தப் பத்து நாள்தான், நாளை மறுநாளிலிருந்து அவர் உட்காரப்போவது ஏணியின் கடற்கரையில்.

வாங்குகிறவனுக்குத்தான் தெரியும் அதன் கனம். முதல் வாரத்தில் ஒருநாள் டீக்கடையில் நின்று யாரோ சொன்ன எதற்கோ வாய்விட்டுச் சிரித்துவிட்டார், திரும்பினால் சாக்கடைப் பிரிவுக்காரன் ஒருத்தன், கையில் டம்ளரோடு, அவரையே பார்த்துக்கொண்டு, பார்வையில் கோபம்கூட இல்லை, சும்மா பார்த்தான், அவ்வளவுதான், அவருக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவன் கொடுத்த நாளில்தான் சிரித்துக்கொண்டிருந்தாரோ என்னவோ... அதிலிருந்து வெளியே போனால் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடப்பார், யாராவது கேட்டால் பெருமூச்சு விடுவார், முதலில் அது நடிப்பு என்று அவருக்கே தெரிந்திருந்தது, போகப்போக எது நடிப்பு எது நிஜம் என்று பிரித்துப்பார்க்க முடியாமல் போய்விட்டது. அவரே அப்படி என்றால் மேலே ஜன்னலைத் துடைக்கிறவளை மட்டும் என்ன சொல்லிவிட முடியும்? இருந்தாலும் கோபம் வந்தது. வரத்தானே செய்யும்? ராத்திரி நாலு தடவை எழுந்து கைத்தாங்கலாகக் கூட்டிப்போகிறாரே பாத்ரூமுக்கு, அப்போதெல்லாம் அவர் தோளில் சாய்ந்து ஒவ்வொரு அடியாக வைத்தாளே, வலிக்குதுங்க, மெதுவா, என்று... அது? அதுவும் பொய்யா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆளா அவள்?

இல்லை, அந்த பாத்ரூம் விஷயத்தில் பொய் இல்லை. அதை அவரால் அடித்துச் சொல்ல முடியும். அங்கேதான் விழுந்தாள். காலையில் அவர் போன கொஞ்ச நேரத்திலேயே, ஈரத் தரையில், தனியாக. அன்றைக்கு ஒரு வட்டம் முழுக்க கேபிள் போய்விட்டது, மேஸ்திரி எல்லாரும் நில்லுங்க என்றார், முடியாது என்று சொல்லக்கூடாத விதி, அவரும் நின்றார், போனை வண்டியில் போட்டுவிட்டுக் குழிக்குள் இறங்கினார், வீட்டுக்கு வந்தபோது தெருவிளக்கெல்லாம் எரிய ஆரம்பித்திருந்தது, அவரே எரியவைத்த விளக்கு. கதவைத் திறந்தார், வீடு இருட்டாக இருந்தது. அவள் கத்தவில்லை, அழவில்லை, வந்துட்டீங்களா என்று மட்டும் தரையிலிருந்து கேட்டாள். அதற்கப்புறம் ஒரு வார்த்தை குறையாகச் சொன்னதில்லை, ஏன் லேட்டு என்று கேட்டதில்லை, ஒரே ஒரு தடவை, ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து தெளிகிற நேரத்தில், கொழாய் சொட்டிட்டே இருந்துச்சு, அதுதான் துணை, அது கூடத்தான் பேசிட்டு இருந்தேன் என்றாள். அந்த மாசச் சம்பளத்தில் அந்த நாளுக்கு ஒன்றரை மடங்கு போட்டு வந்திருந்தது. விதிப்படி சரிதான். அதை எடுத்துச் செலவு செய்ய அவருக்குக் கை வரவில்லை, ஆனால் செலவாகிவிட்டது.

இப்போது மேலே ஜன்னலில் அவள் இல்லை. உள்ளே எங்கேயோ நடந்துகொண்டிருப்பாள், சமையலறைக்கா, அலமாரிக்கா? கண்ணாடி மட்டும் பளிச்சென்று இருந்தது, வானம் அதில் தெரிந்தது. இத்தனை வருஷம் அந்த வீட்டில் குடியிருந்தும் மத்தியானத்தில் வெயில் எந்த ஜன்னல் வழியாக உள்ளே வருகிறது என்று அவருக்குத் தெரியாது, இந்த லீவில்தான் பார்த்தார், நாற்காலிக் காலிலிருந்து ஏறி அவள் மடிக்கு வந்து, அப்புறம் சுவருக்குப் போகும். அந்த வெயிலில்தான் இரண்டு பேரும் சீட்டு ஆடுவார்கள். அவள் கள்ளாட்டம் ஆடுவாள், ஜோக்கரைப் புடவைக்குள் வைத்துக்கொண்டு முகத்தை அப்பாவியாக வைத்துக்கொள்வாள், பிடித்துவிட்டால், நொண்டிக் கால்காரிகிட்ட உங்க வீரத்தைக் காட்டுங்க என்பாள், அவர் தோற்றுப்போவார். மாமனார் பேச்சு, அவர் கேட்டே இராத அவளுடைய பள்ளிக்கூடத்துப் பேச்சு, பக்கத்து வீட்டுக்காரி பேச்சு... இவளுக்கு இவ்வளவு பேச வருமா? எத்தனை வருஷமாக யாரிடம் பேசிக்கொண்டிருந்தாள்? வெட்கமாக இருந்தது அவருக்கு, ஐம்பத்தாறு வயசில், பெண்டாட்டியோடு உட்கார்ந்து பேசுவதற்காகக் காலையில் எப்போது வேலைகள் முடியும் என்று பார்த்தார். எலும்பு முறிந்ததும் நல்லதுக்குத்தான் என்று ஒருநாள் மனசில் ஓடியது, சீ, என்ன மனுஷன் என்று அப்போதே தலையில் அடித்துக்கொண்டார். அதெல்லாம் பூங்காப் பிரிவுப் பெண்கள் வெயிலில் புல் வெட்டிச் சேர்த்த நாள். ஊரார் வீட்டு நெய்யே என் பெண்டாட்டி கையே என்பது இதுதான்.

போன் அடித்தது, சட்டைப்பையில் அதிர்ந்ததற்கே திடுக்கிட்டார், சம்பளப் பிரிவு அம்மாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூப்பிடுவாள், நல்ல மாதிரி, கேட்க வேண்டியதைக் கேட்பதற்கு முன்னால் எப்போதும் ஒரு நிமிஷம் வேறு எதையாவது பேசுவாள், இன்றைக்கும் வெயிலைப் பற்றிப் பேசினாள், அப்புறம், "வீட்டுல எப்படி இருக்காங்க? நீங்க பக்கத்துல இருக்க வேண்டிய நிலைமைதானே?" என்றாள்.

"டாக்டர் சீட்டு வேணுமாம்மா?"

"அது அடுத்த மாசம் குடுத்தா போதும். இப்பத்திக்கு நீங்க வாயால சொல்றதுதான். வேணும்னு சொன்னா அந்தப் பத்து நாளை உங்க பேர்ல போட்டுருவேன். வேணாம்னா குடுத்தவருக்கே திரும்பிடும். இன்னிக்கு ஆபீஸ் மூடறதுக்குள்ள சொல்லிடுங்க, ஏன்னா ஒருதரம் ஏத்திட்டா அப்புறம் யார் கேட்டாலும் என்னால எடுக்க முடியாது."

"யாராவது... கேட்டாங்களா?"

"அதெல்லாம் நான் சொல்லக் கூடாதுங்க" என்றாள்.

வீட்டுக்குப் போய்ப் பார்த்துட்டுச் சொல்றேம்மா என்று வைத்துவிட்டார். வீட்டுக்குப் போய்ப் பார்க்க என்ன இருக்கிறது, வீட்டைப் பார்த்துக்கொண்டுதானே உட்கார்ந்திருக்கிறார்... அதெல்லாம் நான் சொல்லக் கூடாதுங்க. யாரும் கேட்கவில்லை என்றால் யாரும் கேட்கலைங்க என்று சொல்லியிருக்கலாமே, அதற்கென்ன தடை? அப்படியானால் யாரோ கேட்டிருக்கிறார்கள். பத்து நாளைக் கொடுத்தவன் ஒருத்தன்தான். ஏணி அப்படிக் கேட்கிற பயலா, கொடுத்ததைத் திரும்பக் கேட்பதைவிட நாக்கைப் பிடுங்கிக்கொள்வானே... நேற்றுதானே வந்தான், அதுவும் வீடு தேடி, ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு, வாசலில் இவர் மருந்து வாங்கிக்கொண்டு திரும்புவதற்காகக் காத்து நின்றான், சேர்ந்துதான் படியேறினார்கள், இவர் இருமிக்கொண்டே ஏற, என்ன அண்ணே இந்த இருமல் இருமுறீங்க, எங்கயாச்சும் காட்டுங்க என்றான், தூசிதாண்டா என்றார். வந்து உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் இயல்பாக இல்லை, இப்போது நினைத்தால் தெரிகிறது, நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான், வேலையைப் பற்றி ஒரு வார்த்தை, மேஸ்திரியின் புது செருப்பைப் பற்றி ஒரு ஜோக், யாரும் சிரிக்கும்முன்னே அவனே சிரித்தான், அண்ணி எப்ப நடப்பாங்க, என்றான். அவள் வாக்கரைப் பார்த்தாள், இவரைப் பார்த்தாள். இன்னும் நாளாகும்டா என்று இவர்தான் சொன்னார். சரி சரி, அவசரமே இல்ல, நல்லா தேறட்டும் என்றான். ஆரஞ்சு உரித்துக் கொடுத்தான். கொஞ்ச நேரம் கழித்து, ஆனா டாக்டர் ஒரு உத்தேசமா சொல்லியிருப்பாரே அண்ணே, என்றான். அப்புறம் எழுந்து செருப்பை மாட்டுகிறபோது, முகத்தைச் செருப்பில் வைத்துக்கொண்டு, எங்க வீட்டுலயும் மாசமா இருக்கா அண்ணே, அஞ்சாவது மாசம், கொஞ்சம் படுக்கையிலயே இருக்கச் சொல்லியிருக்காங்க, எழுந்திரிக்கவே கூடாதாம், பக்கத்து வீட்டு அக்கா அப்பப்போ எட்டிப் பாத்துக்குது, அதனால பரவாயில்ல, என்றான். நல்ல சேதிடா, என்று இவர் முதுகில் தட்டினார். தட்டினாரே! அவன் படியிறங்கிப் போனான், பாதிப் படியில் நின்ற மாதிரி இருந்தது, இவர் கதவைச் சாத்தினார்.

கேட்கத்தான் வந்திருக்கிறான். அந்தப் பழத்தை வாங்கும்போது கேட்டுவிட வேண்டும் என்றுதான் வாங்கியிருப்பான், படியேறும்போது கேட்டுவிட வேண்டும் என்றுதான் ஏறியிருப்பான், உட்கார்ந்தபோது வாய் வரவில்லை, மூன்று தடவை சுற்றி வளைத்தான், மூன்று தடவையும் இவர் கதவைச் சாத்தினார். எழுந்திரிக்கவே கூடாதாம். அந்தப் பெண் இப்போது, இந்த நிமிஷம், ஏதோ ஒரு அறையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, தண்ணீர் வேண்டுமென்றால் பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்க்கும்வரை... குழாய் சொட்டுமா அவர்கள் வீட்டில்? ஏணிக்கு ஒருநாள் லீவுகூடக் கிடையாது, எல்லாம் இவருக்கென்று கொடுத்துவிட்டான், சம்பளமில்லாமல் வீட்டில் இருந்தால் வாடகைக்கு எங்கே போவான், வேலைக்கு வராத நாள் கூடினால் கணக்கு வைத்து அந்த இடத்துக்கு வேறு ஆளை எழுதிவிடுவார்கள், அதுவும் விதிதான், அதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததும் இவர்தான். ஒன்றுமில்லாத ஒரு போன், வேண்டாம்மா, திருப்பிடுங்க, அவ்வளவுதான், இரண்டு வார்த்தை. அப்புறம் திங்கட்கிழமை விடியும்முன் எழுந்து கிளம்ப வேண்டும், அவள் கதவைச் சாத்திக்கொள்வாள், நாள் முழுக்க அந்த பாத்ரூம் அங்கேயே இருக்கும், மேஸ்திரி நில் என்பார், அவர் நிற்பார். அவளால் நடக்க முடிகிறது, சரி, நடக்க முடிகிறவள்தானே அன்றைக்கும் விழுந்தாள்? அவள் பயப்படுவது காலுக்காக இல்லை என்று அவருக்கு ஏன் இவ்வளவு நேரம் தோன்றவில்லை? கால் எப்போதோ சரியாகிவிட்டது. பிசியோ செய்ய வரும் பெண்கூடப் போன வாரம் வாசலில் வைத்துச் சொன்னாள், அம்மா மனசு வச்சா நடந்துடுவாங்க சார், என்று, ஆமாம்மா ஆமாம்மா என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய் சீட்டுக்கட்டை எடுத்தார். யாருக்குத்தான் மனசு வந்தது?

எழுந்தார். நேரே போய் உட்கார வைத்துக் கேட்டுவிட வேண்டும், ஏன்டி நடக்கிறதை மறைச்சே என்று இல்லை, அப்படிக் கேட்கக் கூடாது, ஏணி வீட்டுல இப்படியாம் என்று ஆரம்பிக்க வேண்டும், அவளுக்குச் சொன்னால் புரியும், அவனை ஆரஞ்சுத் தோலைக்கூடக் கீழே போடவிடாமல் கை நீட்டி வாங்கினவள், நல்ல மனசு, புரிந்துவிடும், புரிந்தவுடன் வாக்கரை ஓரமாக வைத்துவிட்டு, நீங்க போங்க, நான் பாத்துக்கறேன் என்பாள், முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு சொல்வாள். அந்த முகத்தைத்தான் அவரால் பார்க்க முடியாது. தெருவைக் கடந்தார். பகல் விளக்கு தலைக்கு மேல் எரிந்துகொண்டிருந்தது. அலுவலகம் மூட இன்னும் நேரம் இருந்தது, மருந்துக்கடை திறந்திருக்கும், முதலில் மருந்தை வாங்கிக்கொண்டு வந்தால் என்ன, கையில் மருந்து இல்லாமல் போனால் எப்படி... வேண்டாம், இப்படித்தான் தள்ளிப்போகும், ஏறு, என்று தன்னையே அதட்டிக்கொண்டு கட்டடத்துக்குள் நுழைந்தார், வெயிலிலிருந்து வந்த கண்ணுக்குப் படி தெரியவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

முதல் மாடித் திருப்பத்தில் இருமினார். தொண்டையில் ஒன்றுமில்லை. தூசியில்லை, சளியில்லை, எச்சில்கூட இல்லை, சும்மா, உரக்க, இரண்டு மாடிக்கும் கேட்கிற மாதிரி இருமினார், இருமி முடித்த பிறகுதான் தான் இருமியதே தெரிந்தது. மேலே ஸ்டூல் நகர்கிற சத்தம் கேட்டது. அப்புறம் வாக்கரின் ரப்பர் கால் தரையில் உரசுகிற சத்தம். அவர் படியில் ஒரு காலும் திருப்பத்தில் ஒரு காலுமாக அப்படியே நின்றுவிட்டார். இந்த இருமல் இன்றைக்கு வந்த இருமல் இல்லையே... நேற்று ஏணியோடு ஏறும்போதும் இங்கேதான் இருமினார், இதே திருப்பத்தில், அப்புறம் கதவுக்கு வெளியே இன்னொரு தடவை, சாவிக்கொத்தையும் தேவையில்லாமல் குலுக்கினார். அதற்கு முந்தின நாளும். எப்போதிலிருந்து? மேல் அலமாரியிலிருந்த பெரிய பாத்திரம் ஒருநாள் கீழே அடுப்பில் இருந்ததே, யார் எடுத்தது என்று கேட்க வாயெடுத்துக் கேட்காமல் விட்டாரே, அன்றிலிருந்தா? அப்படியானால் ஜன்னலில் பார்த்தது முதல் தடவை இல்லை. கண்தான் இன்றைக்குப் பார்த்தது. தெரிந்துகொண்டுதான் நேற்று ஏணியின் முகத்தைப் பார்த்துச் சொன்னார், இன்னும் நாளாகும்டா.

போனைக் கையில் எடுத்தார், சம்பளப் பிரிவு அம்மாளின் எண் மேலாகவே இருந்தது, விரலை வைக்கவில்லை. மீதிப் படியை ஏறி, கதவுக்கு முன்னால் போய் நின்றார். இங்கே ஒரு இருமல் இருமவேண்டும், அது தொண்டை வரை வந்து நின்றது, விழுங்கிக்கொண்டார். சாவியைக் குலுக்கவில்லை. உள்ளேயும் சத்தமில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றாரோ, கதவுக்கு அந்தப் பக்கம் காலடிச் சத்தம் வந்தது, வாக்கர் இல்லாத சத்தம், வெறும் பாதம், ஒன்று, இன்னொன்று, மெதுவாக, கதவுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"என்னங்க," என்றாள், குரல் அவர் நெஞ்சு உயரத்துக்கு வந்தது, நாற்காலியிலிருந்து வருகிற குரல் இல்லை அது, "இன்னிக்கு ஏன் நீங்க இன்னொரு தடவை இருமவே இல்ல?"

அவர் கதவில் கையை வைத்தார். கீழே தெருவில் மாநகராட்சித் தூக்கு வண்டி ஒன்று போகிற சத்தம் கேட்டது, அது தாண்டிப் போகும்வரை கதவுக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேரும் நின்றார்கள்.